பத்மினி பிரகாஷைப் பற்றி எழுதினால் எங்கே தொடங்குவது?

குறிச்சிக்குளம்:
தங்கை இதழியல் படிக்கிறாள். உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவரைப் பற்றி அறிமுகக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் பத்மினி பிரகாஷை எடுத்துக்கொண்டாள். 2014 ஆகஸ்ட் 15 அன்று கோவை லோட்டஸ் நியூஸில் செய்தி வாசிக்கத் தொடங்கியவர். இந்தியத் தொலைக்காட்சியில் செய்தி வாசித்த முதல் திருநங்கை என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. கட்டுரை நாலு பக்கம். மூன்று பக்கத்துக்கு வீட்டை விட்டு வந்த துயரம்தான், செய்தி வாசித்தது கடைசிப் பத்தியில் வருகிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை. வேலையில் தொடங்கு என்றேன், சண்டைக்கு வருகிறாள்.

பழையமைக்:
முதலில் ஒரு திருத்தம். அவர் செய்தி வாசிப்பாளர். சேனல் பெயர் போட்ட லோகோ மைக்கைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு வரிப் பேட்டிக்காகக் காத்துக் கிடப்பவர்தான் செய்தியாளர். நான் அப்படிக் கிடந்தவன், அதனால் சொல்கிறேன்.

மற்றபடி நீங்கள் சொல்வது சரி. அவர் வாசித்த மாலை ஏழு மணி புல்லட்டின் விளையாட்டில்லை. ப்ராம்ப்டர் திரையில் வாசிக்க வேண்டிய வரி ஓடும், காதில் ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார், கடைசி நிமிடத்தில் ஒரு செய்தியைத் தூக்கிவிட்டு வேறொன்றைச் செருகுவார்கள். இத்தனைக்கும் நடுவில் ழகரம் வழுக்கக் கூடாது. அதை எப்படிக் கற்றார், முதல் நாள் எப்படி இருந்தது என்று எழுதச் சொல்லுங்கள். அழவைக்கும் கட்டுரைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

நொய்யல்கரை:
பழையமைக் அண்ணா, ஒத்துக்கொள்ள முடியவில்லை. 13 வயதில் வீட்டை விட்டு வந்தவர். பி.காம். சேர்ந்தும் முடிக்க முடியாமல் நின்றவர். உங்களோடு வேலை பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்த வழியாக வந்தார்கள்? பின்னணியை வெட்டிவிட்டால் "ஒரு பெண் ஏழு மணிக்குச் செய்தி வாசித்தார்" என்பதுதான் மிஞ்சும். அதில் எழுத என்ன இருக்கிறது?

தேதியையும் பாருங்கள். மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2014 ஏப்ரல் 15. சரியாக நாலு மாதம் கழித்து இவர் திரையில் வருகிறார். இதைச் சொல்லாமல் ழகரத்தைப் பற்றி எழுதச் சொல்கிறீர்கள்!

பழையமைக்:
தீர்ப்பை எழுத வேண்டாம் என்று யார் சொன்னது? ஒரு பத்தி எழுதட்டும். ஆளைப் பார்த்ததும் துயரத்தைத் தேடும் பழக்கத்தைத்தான் வேண்டாம் என்கிறேன். விஜய் டிவியில் 2008இல் ‘இப்படிக்கு ரோஸ்’ நடத்திய திருநங்கை ரோஸ் வெங்கடேசன் அமெரிக்காவில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். அதுவும் பின்னணிதானே? எத்தனை பேருக்கு அது நினைவிருக்கிறது?

நொய்யல்கரை:
ரோஸ் விஷயம் சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் துயரம் என்று ஒதுக்குவது பழங்கதை இல்லை. பாகிஸ்தானில் கோஹினூர் நியூஸில் 2018இல் செய்தி வாசிக்க வந்த திருநங்கை மார்வியா மாலிக் இதழியல் படித்துவிட்டு வந்தவர். படிப்பும் இருந்தது, வேலையும் கிடைத்தது. 2023இல் லாகூரில் அவர் வீட்டருகே அவரை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார்கள், உயிர் தப்பினார். வங்கதேசத்தில் திருநங்கை தஷ்னுவா ஆனான் 2021 மகளிர் தினத்தன்று மூன்று நிமிடச் செய்தியைப் பிசிறில்லாமல் வாசித்து முடித்துவிட்டு, கேமரா நின்றதும் அழுதார். அந்த அழுகையை விட்டுவிட்டு மூன்று நிமிடத்தை மட்டும் எழுத முடியுமா?

பழையமைக்:
முடியாது. ஆனால் நீங்களே பாருங்கள், "பிசிறில்லாமல் வாசித்து முடித்துவிட்டு" என்பதை முதலில் வைத்தீர்கள், அழுகை அப்புறம்தான் வந்தது. அதனால்தான் அது உறைக்கிறது. நான் கேட்பது அந்த வரிசையைத்தான்.

ரெண்டாம்ஷிப்ட்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அந்தத் தங்கை கட்டுரையில் ‘விருப்பங்கள்’ என்று ஒரு பகுதி வைத்திருக்கிறாளா? பத்மினி பரதநாட்டியம் கற்றவர், டிவி தொடரில் நடித்தவர், திருநங்கையருக்கான அழகிப் போட்டிகளில் வென்றவர். இதையெல்லாம் தோட்டக்கலை, பாட்டுக் கேட்பது மாதிரி கடைசியில் ஒட்டவைத்திருந்தால் நான் சண்டைக்கு வருவேன். மேடையில் நின்று பழகிய முகம் அது. பார்வையை எங்கே நிறுத்துவது, மூச்சை எங்கே விடுவது என்று ஆடத் தெரிந்தவருக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேமரா முன்னால் உட்கார அவர் கொண்டுவந்த படிப்பு அதுதான் என்பேன்.

நொய்யல்கரை:
இது எனக்குத் தோன்றவே இல்லை.

பழையமைக்:
எனக்கும்தான். ஸ்டூடியோவில் எங்களுக்கெல்லாம் "தோளை இறக்கு, தோளை இறக்கு" என்று கத்திக்கொண்டே இருப்பார்கள்.

குறிச்சிக்குளம்:
தங்கையிடம் காட்டினேன். நாட்டியம் கடைசிப் பக்கத்தில் ‘பொழுதுபோக்கு’ என்ற தலைப்பின் கீழேதான் இருந்ததாம். இப்போது அதைத் தூக்கி முதல் பத்தியில் வைத்திருக்கிறாள். வீட்டை விட்டு வந்த கதையில் ஒரு வரிகூடக் குறைக்க மாட்டாளாம். நொய்யல்கரை அக்காவுக்கு நன்றி சொல்லச் சொன்னாள், எனக்குச் சொல்லவில்லை.