எண்ணெய் குடித்த மண்ணில் காளான்: உங்கள் அனுபவம் என்ன?

பிறைவாசி:
எங்கள் வீட்டுப் பின்பக்கம் முன்பு லோரிப் பட்டறை. மழைத்தண்ணீர் தேங்கினால் எண்ணெய்ப் படலம் மினுக்கும், கீரை விதைத்தால் முளைக்காது. காளானை வைத்து மண்ணைச் சுத்தப்படுத்திப் பார்க்கலாம் என்று, காளான் பண்ணையில் அறுவடை முடிந்து ஒதுக்கிய பைகளை வாங்கிவந்தேன். ரப்பர் மரத்தூளும் தவிடும்தானே. கோழி எருவோடு மண்ணில் கலந்து கோணி போர்த்தினேன். ஆறு வாரத்தில் கட்டியை உடைத்தால் உள்ளே காளானின் வெள்ளை நூல், டீசல் நாற்றமும் குறைந்திருந்தது.

ஆனால் மனதைவிட்டுப் போகாதது வேறு. ஒருநாள் வேலை முடிந்து நுழைகிறேன், வெங்காயம் வதங்கும் வாசனை. தட்டில் சிப்பிக்காளான், கழுவி நார்நாராய்க் கிழித்து வைத்திருக்கிறது. "நம்ம மண்ணுல வந்ததுடா, எவ்ளோ வெள்ளையா இருக்கு பாரு" என்றார் அம்மா. அப்படியே குப்பையில் கொட்டிவிட்டேன். அவர் பேசாமல் அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

செந்தூல் மாடித்தோட்டம்:
அம்மாவை வீணாக நோகடித்துவிட்டீர்கள். மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னினை உடைக்கும் நொதிகளேதான் எண்ணெயையும் உடைக்கின்றன, காளான் அதைச் சேர்த்துவைப்பதில்லை. அமெரிக்காவில் காளான் ஆய்வாளர் பால் ஸ்டாமெட்ஸ் டீசல் மண் குவியலில் சிப்பிக்காளான் விட்டுக் காட்டினாரே! நானும் என் தம்பி வீட்டில் பழம் உதிர்த்த செம்பனை வெற்றுக்குலை போட்டுச் செய்தேன். மழையில் தண்ணீர் நின்று நூலெல்லாம் அழுகி, பச்சைப் பூசணம் பிடித்ததுதான் மிச்சம்.

பாலிக் பூலாவ் அக்கா:
பிறைத் தம்பி கொட்டியதுதான் சரி. செந்தூல் நண்பர் டீசலை மட்டும் நினைக்கிறார். பட்டறை மண்ணில் கிடப்பது ஓடிக் கறுத்த எஞ்சின் எண்ணெய். அதில் துத்தநாகம் இருக்கும், பழைய பட்டறை என்றால் ஈயமும் இருக்கும். உலோகத்தை எந்தக் காளானாலும் சிதைக்க முடியாது, உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும். என் அண்ணன் மோட்டார் கடைப் பின்புறத்தில் நானும் இரண்டு வருடம் இதைச் செய்தேன், ஒரு காளானும் வாயில் வைக்கவில்லை.

கேட்காமலே சொல்கிறேன், கோபப்படாதீர்கள். எண்ணெயில் பெரும்பகுதி கரிமம். தழைச்சத்து (நைட்ரஜன்) கொடுக்காவிட்டால் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும். கரிமம் 25 முதல் 30 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு என்பது மக்கு உரக் கணக்கு, கோழி எரு அதற்குத்தான். வாரம் ஒருமுறை கிளறுங்கள், காற்று வேண்டும். கையால் பிழிந்தால் ஈரம் தெரியணும், சொட்டக்கூடாது. செந்தூலில் தோற்றது இதனால்தான். அப்புறம் இந்த மண்ணில் 20 பச்சைப்பயறு, நல்ல மண்ணில் 20 போட்டு முளைப்பை எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒத்துவந்தாலும் உடனே கீரை வேண்டாம், உலோகத்துக்கு ஆய்வகத்தில் மண்ணைக் கொடுங்கள். அதுவரை பூச்செடி. கறுப்பு எண்ணெய் மலேசியாவின் 2005 அட்டவணைக் கழிவு விதிகளில் எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணில் வரும் கழிவு, மிச்சமிருந்தால் கால்வாயில் ஊற்றிவிடாதீர்கள்.

பிறைவாசி:
நன்றி அக்கா. உலோகம் பற்றி அம்மாவிடம் நேற்றுத்தான் உட்கார்ந்து சொன்னேன். "அப்போ செம்பருத்தி வைப்போம்" என்றார். பயறு முளைத்தது, அங்கே 20க்கு 13, நல்ல மண்ணில் 19.