இந்தக் கட்டுரை எந்தப் பத்திரிகையில் வந்தது?

மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களைப் பழித்து எழுதிய ஒரு கட்டுரையின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மறுப்பு எழுதிவிட்டேன், எங்கே அனுப்புவது என்றுதான் தெரியவில்லை. படத்தின் மேல் ஓரம் வெட்டுப்பட்டு, பத்திரிகைப் பெயரும் தேதியும் போய்விட்டன.

குருசடைத் தீவுப் பவளப்பாறையில் படர்ந்தது கப்பாபைகஸ். வளர்ப்புக்காக வெளிநாட்டிலிருந்து வந்த பாசி. எங்கள் அம்மாமார் முங்கி எடுப்பதோ மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகள், இந்தக் கடலிலேயே விளைபவை. கட்டுரை இரண்டையும் ஒன்றாக்கி, பாறையில் பாசி படர்ந்த பழியை அவர்கள்மேல் போடுகிறது. இதைச் சும்மா விட முடியாது.

கட்டுரை வரிகளைக் கூகுளில் போட்டுத் தேடினேன். அனுப்பியவருக்கும் தெரியவில்லை. ராமநாதபுரம் நூலகத்தில் பழைய தாள்களையும் புரட்டிவிட்டேன். பாம்பன் குழுவில் இது முதலில் வந்தது இந்த மாதத் தொடக்கத்தில். தலைப்பில் 'கடல்பாசி' என்ற சொல் மட்டும் தெரிகிறது. கீழே தீவின் படம்.

இது எந்தப் பத்திரிகையில், எந்தத் தேதியில் வந்தது என்று யாருக்காவது தெரியுமா?