ஒரே பாயில் மூன்றாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும்: கணக்கை அவரவர் வேகத்துக்கு விடலாமா?

பெகு டீச்சர்:
பர்மாவில் பெகு நகரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். கோயில் மண்டபத்தில் மாலைப் பள்ளி, இருபது பிள்ளைகளுக்கு நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு பர்மிய மொழியில், இலக்கமும் பர்மிய இலக்கம், வீட்டில் தமிழ். பலகையில் பின்னக்கணக்கு போட்டால் பெரிய பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வாய்ப்பாடே தடுமாறுகிறது, சின்னதுகள் இரண்டு தங்கள் கூட்டலை அதற்குள் முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் சடையை இழுக்கின்றன. ஆளுக்கொரு கணக்கு அட்டை கொடுத்து அவரவர் வேகத்தில் போகவிடலாமா? மெதுவான பிள்ளை அதே அட்டையில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது?

ஓய்வு வாத்தியார், சென்னை:
தாராளமாகச் செய்யம்மா. இங்கே செயல்வழிக் கற்றல் என்று 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து 2007இல் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள், ஒன்று முதல் நான்காம் வகுப்புவரை. பாடங்களைப் படிப்படியாக அடுக்கிய ஏணி, ஒவ்வொரு படிக்கும் அட்டை எல்லாம் ஆந்திராவிலுள்ள ரிஷிவேலிப் பள்ளிக்காரர்கள் கிராமத்துப் பள்ளிகளுக்கென்று உருவாக்கிய முறையிலிருந்து வந்தது. நல்ல முறைதான், ஆனால் அட்டையை முடிப்பதே படிப்பு என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள், சில வாத்தியார்களும்தான். அதனால் அடுத்த அட்டைக்கு அனுப்புமுன் ஒரு கணக்கை உன் முன்னால் போடச் சொல். 612ஐ 6ஆல் வகுத்து 12 என்று எழுதுகிற பையனுக்கு வகுத்தல் தெரியாமல் இல்லை, நடுவில் வரும் பூஜ்யத்தை விட்டுவிடுகிறான். 600ஐ ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டால் 100 என்பான், அப்புறம் தன் விடையை அவனே முறைத்துப் பார்ப்பான். விடைத்தாளை மட்டும் திருத்தினால் இது நடக்காது.

ரங்கூன் டியூஷன்:
அக்கா, ஐயா சொல்வது சரி, ஆனால் முழு நேரமும் அட்டை வேண்டாம். மெதுவான பிள்ளையைத் தனியாக விட்டால் தூக்கம்தான் வரும். முதல் கால்மணி நேரம் எல்லாரும் சேர்ந்து வாய்க்கணக்கு, அதுவும் கடைக்கணக்கு. நம் ஊரில் எடைக்கு இன்னும் வீசைதானே, ஒரு வீசை என்றால் நூறு கியாட்டா எடை. 25 கியாட்டா இறால் கால் வீசை என்பது மூன்றாம் வகுப்புக்கே தெரியும். எட்டாம் வகுப்புக்காரன் அதையே 0.25 என்று எழுதட்டும். கேள்வி ஒன்றுதான், ஆளுக்குத் தக்க வேலை.

இன்னொன்று, வகுப்பைப் பார்த்து அட்டை கொடுக்காதீர்கள். குமோன் என்று அவரவர் வேகத்தில் தாள் தாளாகக் கணக்குப் போடவைக்கும் ஜப்பானிய முறையில் பிள்ளைக்கு நன்றாக வருகிற இடத்திலிருந்தே தொடங்குவார்கள். எட்டாவது படிக்கிறவனுக்கு நாலாவது அட்டை என்றால் வெட்கப்படுவான், அதனால் அட்டையில் வகுப்பு எண் போடாமல் மீன், மயில் என்று படம் போடுங்கள்.

பெகு டீச்சர்:
வீசைக்கணக்கு நல்ல யோசனை தம்பி, வெள்ளிக்கிழமையே பார்க்கிறேன். ஐயா, இருபது பேரையும் தினமும் என் முன்னால் போடவைக்க நேரம் எங்கே?

ஓய்வு வாத்தியார், சென்னை:
தினமும் வேண்டாம், அட்டை முடித்தவன் மட்டும் வரட்டும், ஒரு நாளைக்கு நாலைந்து பேர்தான் தேறுவார்கள். ஒரு வாரமாக வராதவன் யார் என்று மட்டும் நோட்டில் குறித்து வை, அவனை நீயே கூப்பிடு.