ஸ்காஃபோல்டு: சாரமா, கொழுகொம்பா?

க.: முழங்கால் குருத்தெலும்புச் சிகிச்சைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்காஃபோல்டுக்கு, அதாவது செல்கள் பற்றி வளர வைக்கும் தாங்கலுக்கு, ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். சிதைந்த குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, அடி எலும்பில் 3–4 மி.மீ. இடைவெளி விட்டுத் துளையிடுவார்கள். மஜ்ஜையிலிருந்து செல்கள் கசிந்து வரும். மேலே கொலாஜன் என்ற புரதத்தாலான சவ்வை, இரத்தம் உறையவைக்கும் ஃபைப்ரின் புரதப் பசையால் ஒட்டுவார்கள். செல்கள் அதைப் பற்றி வளர, சவ்வு மெல்லக் கரையும்.

செ.: 'சாரம்' இருக்கிறதே! கொத்தனாருக்கும் தெரியும். வேலை முடிந்ததும் பிரித்துவிடுவதும் பொருந்துகிறது.

இரா.: 'கொலாஜன் சாரம்' என்றால் நோயாளி பிழிந்தெடுத்த சத்து என்றுதான் படிப்பார். 'கொழுகொம்பு' என்பேன். பாரி முல்லைக்குத் தேரையே கொழுகொம்பாக விட்டான்.

மு.: அந்தத் தேர் கரையவில்லையே ஐயா! தவிர, அது 'கொளுகொம்பு'. கொளுவுதல், மாட்டிக்கொள்ளுதல். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் இன்றும் உண்டு. குருத்தெலும்பும் எங்களுக்குக் கசியிழையம்தான்; அது எலும்பே இல்லை.

இரா.: கொழுமை, செழுமை என்று போனால் 'ழ'கரத்துக்கும் வழி இருக்கிறது. 'கொள்' வேரையும் பார்க்க வேண்டும்.

ம.: வேர் இருக்கட்டும், வாக்கியத்தைப் பாருங்கள். குருத்தெலும்பின் சுண்ணமேறிய அடியடுக்கையும் சுரண்ட வேண்டும் என்பது விட்டுப்போயிருக்கிறது. அது மிஞ்சினால் புதுத் திசு எலும்போடு பிடிக்காமல் உரிந்து வரும். சவ்வுக்கு இரண்டு முகம். நுண்துளையுள்ள கரட்டு முகம் எலும்பைப் பார்க்க வேண்டும், வழவழப்பான முகம் மூட்டுக்குள். குழியின் அளவுக்குத் தாளில் அச்செடுத்து, அதைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டுவார்கள். ஈரத்தில் அது விரியும். விளிம்பு மேலே துருத்தினால், காலை மடக்கும்போது உராய்ந்து பிய்ந்துவிடும். பசை இறுகியதும் அறுவை மேசையிலேயே முழங்காலைச் சில முறை மடக்கி நீட்டிப் பார்ப்பது அதற்குத்தான். துளை மட்டும் போட்டால் வளர்வது பெரும்பாலும் நார்க்குருத்தெலும்பு. அதில் முதல்வகைக் கொலாஜன் மிகுதி. அசல் பரப்பில் இருப்பது இரண்டாம் வகை. அதனால் 'முழுதாகக் குணமாகும்' என்று எழுதிவிடாதீர்கள்.

க.: திருத்திவிட்டேன். சாரமா, கொழுகொம்பா என்பது முடிவாகவில்லை. நான் 'தாங்குசவ்வு' என்று போட்டு அனுப்புகிறேன். யாருக்கும் விளங்கும்.

மு.: ஊசியில் செலுத்தும் ஹைட்ரோஜெல்லும், அந்த நீர் நிறைந்த கூழும், ஸ்காஃபோல்டுதானே! 11-ஆம் பக்கத்தில் அதையும் சவ்வு என்றா எழுதப் போகிறீர்கள்?