சாலையோரப் புளியமரங்கள்: நினைவுகளும் பழைய படங்களும் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். குடியாத்தம் அருகே எங்கள் ஊர்ச் சாலையை அகலப்படுத்துவதற்காக, இருபுறமும் நிற்கும் பழைய புளியமரங்களை வெட்ட அளவெடுத்துச் சென்றிருக்கிறார்கள். அரசு நிலத்திலுள்ள மரங்களை வெட்ட, மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பதால், அக்குழுவிடம் அளிக்கவிருக்கும் மனுவுடன், இம்மரங்களோடு மக்களுக்குள்ள உறவையும் எழுதி இணைக்க விரும்புகிறோம்.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய மரத்தில், வண்டிமாடுகளைக் கட்டிய இரும்பு வளையம் ஒன்றை மரப்பட்டை பாதிக்கு மேல் விழுங்கியிருக்கிறது. சற்று மேலே, கறுப்புச் சாயத்தின் மீது வெள்ளையில் எழுதிய எண் இன்னும் தெரிகிறது. புளி உலுக்க ஏலம் எடுத்த குடும்பத்தினரும், அந்த நிழலில் பேருந்துக்குக் காத்திருந்து படித்து முன்னேறியவர்களும் தங்கள் நினைவுகளை எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். 1989-இல் வடஆற்காடு மாவட்டம் பிரிக்கப்படுவதற்கு முன் எடுத்த படங்களோ, ஏல ரசீதுகளோ இருந்தால், மரங்களின் பழமையைக் காட்ட அவை பெரிதும் உதவும்.

முதிர்ந்த புளியமரத்தை வேர்மண்ணோடு பெயர்த்து நட்டுப் பிழைக்க வைத்த அனுபவமுள்ளவர்கள், கிளைகளை எந்த அளவு கழிக்க வேண்டும், எந்த மாதம் ஏற்றது என்பவற்றைத் தெரிவியுங்கள். என் கருத்தில் அது கடைசி வழிதான். சாலையை ஒரு பக்கமாக மட்டும் அகலப்படுத்தினால் ஒரு வரிசை முழுவதும் தப்பிவிடும் என்பதால், மனுவில் அதைத்தான் முதலில் கேட்கவிருக்கிறோம்.