ரெட் சீஃப்: சிரிப்பு எங்கே இருக்கிறது?

தாழ்வாரம்:
ஓ. ஹென்றியின் 'தி ரான்சம் ஆஃப் ரெட் சீஃப்' கதையை (1907) நேற்று திரும்பப் படித்தேன். அமெரிக்காவின் தெற்கே அலபாமாவில் ஒரு சிற்றூர். சாம், பில் என்ற இருவர் பசையுள்ள மனிதர் டார்செட்டின் பத்து வயது மகனைக் கடத்துகிறார்கள். தன்னை 'ரெட் சீஃப்' (செவ்விந்தியத் தலைவன்) என்று சொல்லிக்கொள்ளும் பையன் படுத்தும் பாட்டில் கடைசியில் இவர்களே 250 டாலர் அழுது, அவனை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு ஓடுகிறார்கள். பள்ளி நாட்களில் விழுந்து விழுந்து சிரித்த கதை. இப்போது சிரிப்பே வரவில்லை. கொதிக்கும் உருளைக்கிழங்கை முதுகுக்குள் போடுவது, செங்கல்லால் கண்ணில் அடிப்பது... அடிதடி காமெடிதானே? இதையா முரண்நகை என்கிறோம்?

பழுப்புத்தாள்:
உருளைக்கிழங்கை விடுங்க சார், சொல்கிறவனைப் பாருங்கள். சாம் ஒரு மோசடிக்காரன். பேச்சோ பெரிய படிப்பாளி மாதிரி. ஊரின் பெயர் சம்மிட், அதாவது சிகரம். கிடப்பதோ அடை போலத் தட்டையாக. கிராமத்தில் பிள்ளைப்பாசம் அதிகம் என்று கணக்குப் போட்டுத்தான் கடத்துகிறார்கள். அரிவாளும் கவைக்கோலுமாக ஊரே திரண்டு தேடும் என்று குன்றேறிப் பார்க்கிறான். கோவேறு கழுதையைப் பூட்டி ஒரே ஒருவர் உழுதுகொண்டிருக்கிறார். ஓநாய்கள் ஆட்டுக்குட்டியைக் கவர்ந்தது இன்னும் தெரியவில்லை போலும் என்று நினைத்தபடி இறங்கி வந்தால், அவர்கள் ஒளிந்திருக்கும் குகைச் சுவரோடு ஒட்டி நிற்கிறது ஒரு ஓநாய், அதாவது பில். எதிரே பாதித் தேங்காய் அளவுக் கல்லோடு ஆட்டுக்குட்டி!

மாடிப்படி:
எனக்கு உறுத்துவது வேறு. அந்தப் பிள்ளையை யாருமே தேடவில்லை. அவன் தொலைந்தான் என்று அக்கம்பக்கத்தார் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், கூட்டி வருபவரை என்ன செய்வார்களோ, அதனால் ராத்திரியில் வாருங்கள் என்று அப்பாவே எழுதுகிறார். அவனோ கடத்தியவனின் காலை அட்டை மாதிரி பற்றிக்கொண்டு அலறுகிறான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பழுப்புத்தாள்:
உறுத்தட்டும் மேடம். டார்செட் அழுதிருந்தாலோ கத்தியிருந்தாலோ கதை படுத்திருக்கும். அடமானத்தின் மேல் கடன் கொடுக்கிறவர் அவர். கேட்பது கொஞ்சம் அதிகம், என் தரப்பில் இப்படி வைத்துக்கொள்ளலாமா என்று பேரம் பேசுகிறார். ஓ. ஹென்றி டெக்சாஸில் வங்கி வேலை பார்த்தவர். அந்த வங்கிப் பணத்தைக் கையாடியதாகத் தீர்ப்பாகி 1898 முதல் 1901 வரை ஒஹையோ சிறையில் இருந்தவர். இரண்டு பக்க ஆட்களும் அவருக்கு அத்துப்படி.

தாழ்வாரம்:
ஜெயில் கதையைக் கொண்டுவந்து முட்டுக்கொடுக்காதீர்கள். கதைக்குள்ளேயே சான்று இருக்கிறதே, அதை இருவருமே விட்டுவிட்டீர்கள். முதலில் 2,000 கேட்கத்தான் திட்டம். கடிதம் எழுதும்போது பில்தான் கண்ணீரோடு 1,500 ஆக்கச் சொல்கிறான். இந்தக் காட்டுப்பூனைக்கு 2,000 கொடுக்க மனுஷனால் ஆகாது என்கிறான். சரக்கின் விலையை முதலில் இறக்கியது கடத்தியவனே! அந்த இடத்தை நேற்று வேகமாகத் தாண்டிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

பழுப்புத்தாள்:
அப்போ சிரிச்சீங்க?

தாழ்வாரம்:
டார்செட்டால் பையனைப் பத்து நிமிடம்தான் பிடித்துவைக்க முடியும் என்றதும், அதற்குள் கனடா எல்லைப் பக்கம் போய்விடுவேன் என்கிறானே பில், அங்கே கொஞ்சம். உருளைக்கிழங்குக்கு இன்னமும் இல்லை.