மோரோவிண்ட்: பொறுமையோடு தொடரத் தக்க விளையாட்டா?

வைகைக்கரை (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். ஸ்கைரிம் என்னும் கணினி விளையாட்டை முடித்த கையோடு, அதே எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் பெதஸ்டா நிறுவனம் 2002-ஆம் ஆண்டு வெளியிட்ட மோரோவிண்டைத் தள்ளுபடி விலையில் வாங்கினேன். கைதியாகக் கப்பலில் வந்து செய்டா நீன் என்னும் சதுப்பு நிலச் சிற்றூரில் இறங்கி, அலுவலகத்தில் பெயரையும் பிறந்த ராசியையும் பதிந்துவிட்டு வெளியே வரும் அந்தத் தொடக்கம் மனத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் கரையோரத்தில் ஒரு நண்டை எதிர்த்தபோது, கத்தி அதன் ஓட்டில் பாய்வதைக் கண்ணால் பார்த்தும் அடி விழவே இல்லை. எங்கே போக வேண்டும் என்று காட்டும் அம்புக்குறியும் இல்லை. இரண்டு மாலைகள் இப்படியே கழிந்தன. இவை காலம் கடந்துவிட்ட குறைகளா, அல்லது நான் கற்றுக்கொள்ள வேண்டிய முறைகளா?

பனையோலை:
நண்பரே, நண்டின் விஷயத்தை முதலில் தீர்த்துவிடலாம். இந்த விளையாட்டில் கத்தி உடலில் படுவது வெறும் காட்சிதான். அடி விழுந்ததா என்பதைப் பின்னணியில் பகடை தீர்மானிக்கிறது. ஆயுதத் திறனோடு சுறுசுறுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் அதிர்ஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கையும் கூட்டி, உங்கள் களைப்பு நிலைக்கேற்ப அதை 0.75 முதல் 1.25 வரையிலான எண்ணால் பெருக்கி, எதிரியின் தப்பிக்கும் திறனைக் கழிக்கிறார்கள். குட்டை வாளை முதன்மைத் திறனாகத் தேர்ந்திருந்தால் தொடக்க மதிப்பு 30. மற்ற இரண்டும் 40 என்றால், எதிரியின் பங்கைக் கழிக்கும் முன், களைப்பின்றி நிற்கும்போது வாய்ப்பு ஏறத்தாழ 52 விழுக்காடு, களைப்பைக் காட்டும் பச்சைப் பட்டை முற்றிலும் காலியானால் 31. அந்தத் திறனைத் தேர்ந்தெடுக்கவே இல்லையென்றால் மதிப்பு வெறும் 5, வாய்ப்பும் 21 விழுக்காட்டைத் தாண்டாது. ஓடினாலே அந்தப் பட்டை கரையும் என்பதால், எதிரியை நோக்கி ஓடிச் சென்று வெட்டுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு.

அம்புக்குறி இல்லாததை நான் குறையாக எண்ணவில்லை. இந்த விளையாட்டின் உயிரே அதுதான் என்பேன். பால்மோரா என்னும் ஊரில் ஒருவர், டுவெமர் இனத்தாரின் ஆர்க்ங்தாண்ட் இடிபாட்டிலிருந்து ஒரு சிறு புதிர்ப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்வார். ஊரின் தெற்கே வெளியேறி, மூன்மோத் கோட்டையைக் கடந்து, எரிமலைக் குழம்பு ஓடிய ஃபொயாடா மமேயா பள்ளத்தின் மேலுள்ள பழைய பாலத்தைத் தேடு என்று வாயால்தான் வழி சொல்வார். சாம்பல் புயலுக்கு நடுவே அந்தப் பாலத்தின் விளிம்பு தெரிந்த கணத்தில் எனக்கு உண்டான நிறைவை, அம்புக்குறியைப் பின்தொடர்ந்த எந்த விளையாட்டும் தரவில்லை.

கல்மண்டபம்:
மேலே சொன்னவரின் அன்பு எனக்கும் உண்டு. ஆனாலும் புதிதாக வருபவரிடம் குறைகளை மறைக்கக் கூடாது. வாய்வழியாகச் சொல்லும் வழி சரியாக இருக்கும்வரைதான் அந்த இன்பம். சில இடங்களில் சொல்லப்படும் திசையே பிழையானது. அங்கே ஒரு மணி நேரம் மலையைச் சுற்றுவது வீண் அலைச்சல்.

அதைவிடப் பெரிய குறை, நம் கதாபாத்திரத்தின் நிலை உயரும் முறை. சுறுசுறுப்பு, தாங்குதிறன் போன்ற ஒரு பண்பு, ஒரு நிலை ஏறும்போது ஐந்து புள்ளிகள் உயர வேண்டுமானால், அதைச் சார்ந்த திறன்களை முன்கூட்டியே பத்து முறை உயர்த்தியிருக்க வேண்டும். உடல்நலமோ ஒவ்வொரு நிலைக்கும் அப்போதைய தாங்குதிறனில் பத்தில் ஒரு பங்குதான் கூடும். பிறகு தாங்குதிறனை உயர்த்தினாலும் இழந்தது திரும்பாது. மனம் போன போக்கில் வாழ வேண்டிய உலகத்தில் காகிதமும் பேனாவுமாகக் கணக்கெழுத வைக்கும் இந்த ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

மனிதர்களும் அப்படியே. பெரும்பாலோர் இரவும் பகலும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். உரையாடலில் ஒரு சொல்லைச் சொடுக்கினால் பத்துப் பேரும் எழுத்து மாறாமல் ஒரே பத்தியை ஒப்பிக்கிறார்கள். வானிலிருந்து ஓயாமல் வந்து கொத்தும் கிளிஃப் ரேசர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நெய்தல்:
கல்மண்டபம் சொன்னவற்றில் எதையும் மறுக்க மாட்டேன். ஆயினும் நான் இதற்குத் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம், செய்த செயலின் விளைவை அனுபவிக்க இது நம்மை விட்டுவிடுகிறது என்பதே. கதைக்கு இன்றியமையாத ஒருவரைக் கொன்றால், தீர்க்கதரிசனத்தின் இழை அறுந்துவிட்டது என்று ஓர் அறிவிப்பு வரும். பழைய சேமிப்புக்குத் திரும்பலாம் அல்லது அழிந்துபோன அந்த உலகிலேயே வாழலாம் என்று முடிவை உங்களிடமே விடும். அப்படி அறுந்த பிறகும் தலைமைப் பகைவனை வெல்வதற்கு ஒரு மறைவான வழி இருக்கிறது. இவ்வரிசையில் அடுத்து வந்த ஆப்லிவியன் விளையாட்டில் அத்தகையவர்கள் சாகாமல் மயங்கி விழுந்து எழுந்துவிடுகிறார்கள்.

செய்டா நீனுக்கு அருகில் வானிலிருந்து அலறியபடி விழுந்து சாகும் மந்திரவாதியைப் பார்த்தீர்களா? அவரிடமுள்ள மூன்று சுருள்களில் ஒன்றைப் படித்தால், தாவும் திறன் ஏழு நொடிகளுக்கு 1000 புள்ளிகள் கூடும். கதை நடக்கும் தீவின் பாதியைத் தாண்டிவிடலாம். ஆனால் இறங்கும் முன் இரண்டாவது சுருளைப் படிக்காவிட்டால் அவர் கதிதான். தெல்வன்னி என்னும் குலத்து மந்திரவாதிகளின் காளான் கோபுரங்களில் மேல்தளத்துக்குப் படிக்கட்டே கிடையாது. பறக்கத் தெரியாதவருக்கு அங்கே என்ன வேலை என்பது அவர்கள் எண்ணம்.

விளையாட்டை இயக்கும் பழைய மென்பொருளின் தொல்லை மிகுந்தால், அதற்கு மாற்றான ஓபன்எம்டபிள்யூ என்னும் கட்டற்ற மென்பொருளை நிறுவி, நீங்கள் வாங்கிய கோப்புகளைக் கொண்டே விளையாடுங்கள்.

வைகைக்கரை:
மூவருக்கும் நன்றி. புதிய கதாபாத்திரத்தில் குட்டை வாளை முதன்மையாகத் தேர்ந்து, ஓடாமல் நடந்து சென்று அந்த நண்டைக் கொன்றேன். சொல்லப்பட்ட வழியைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு பாலத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் இடிபாட்டின் கதவு எதற்கும் திறக்கவில்லை.

பனையோலை:
அருகில் பாறையிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் உள்ள கைப்பிடியைத் திருகிவிட்டு, கதவு மூடுவதற்குள் உள்ளே நுழைந்துவிடுங்கள். புதிர்ப்பெட்டி மிகச் சிறியது. அலமாரித் தட்டுகளை ஒன்றுவிடாமல் பாருங்கள்.